பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சுட்ட சீஸ்

ஜூன் 3, செவ்வாய்

என் அம்மா பொய்க்காரி.

இன்று மாலை தரகர் ஆறுச்சாமியிடம் போனில் பேசும்போது, எங்கள் பவதாரணி சீஸ் சுடுவதில் கெட்டிக்காரி, கோயமுத்தூரில் அதற்கென்றே வகுப்புக்குப் போனவள் என்று சொல்லிவிட்டாள். நான்தான் பவதாரணி. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் சீஸைச் சந்தித்ததெல்லாம் பீட்சாவின் மேல்தான். அதையும் வேறு யாரோதான் சுட்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை கிரிதரன் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறான். சட்டியில் சீஸை வைத்து, ஓவனில் சுட்டு, உருகிக் கொதிக்கும்போது ரொட்டியைத் தோய்த்துத் தின்பார்களாம் அங்கே. சாப்பாட்டுக்கு முன்னால், விருந்தாளிகளுக்கு. அது என்றால் பையனுக்கு உயிர் என்று அவனுடைய அம்மா தரகரிடம் சொல்லியிருக்கிறார். தரகர் எங்களிடம் சொன்னார். உடனே என் அம்மா என்னை வகுப்புக்கு அனுப்பிவிட்டாள்.

இதுவரை மூன்று வீட்டார் என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று வீட்டாரும் வெங்காய பஜ்ஜி தின்றார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. குற்றம் பஜ்ஜியில் இருக்கிறது என்பது அம்மாவின் முடிவு.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். ஜோசியரைக் கேட்டாயிற்று. பெரியவர்களைக் கேட்டாயிற்று. குலதெய்வத்திடம் பூ போட்டுக் கேட்டாயிற்று. மாப்பிள்ளைக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்பதுவரை கேட்டாயிற்று. உனக்கு இந்தக் கல்யாணம் வேண்டுமா என்று என்னை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கும்வரை நான் சரி என்று சொல்லப்போவதில்லை. கடவுளே வந்து கையெழுத்துக் கேட்டாலும் சொல்லப்போவதில்லை.

போட்டோ பார்த்தேன். சாதாரண முகம்.

ஜூன் 5, வியாழன்

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊசி போட்டு ரத்தம் எடுப்பேன், சிறுநீர் டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுவேன். கோபிசெட்டிபாளையத்தில் பாதிப்பேருடைய சர்க்கரை எனக்குத் தெரியும். யார் தீபாவளிக்கு ஜாங்கிரி தின்றார்கள், யார் தின்றுவிட்டு இல்லை என்கிறார்கள் என்பதும் தெரியும்.

தரகர் ஜாதகத்தோடு சேர்த்த தாளில் இதை "மருத்துவத் துறை" என்று போட்டிருக்கிறார். என் நிறத்தையும் ஒரு படி வெளுத்துவிட்டார். வேலையைப் பற்றிக் கேட்டால் சிரித்துக்கொள்ளச் சொல்கிறார். கையில் ரத்தம் படுகிற வேலை என்றால் முகம் சுளிப்பார்களாம். அவர்கள் உடம்பில் என்ன ஓடுகிறதாம், இளநீரா?

ஜூன் 6, வெள்ளி

ஓவன் வந்துவிட்டது. அதோடு புஷ்பலதா டீச்சரும் வந்துவிட்டார்.

எதிர்வீட்டு டீச்சர் ஓய்வு பெற்றவர். ஜவுளிக்கடைக் குலுக்கலில் விழுந்த ஓவனைப் பல வருடங்களாகச் சுவாமி படங்களுக்கு மேடையாக வைத்திருந்தார். முருகனைக் கிழக்கே நகர்த்திவிட்டுத்தான் எங்களுக்குக் கொடுத்தார். ஆனால் ஓவன் எங்கள் வீட்டில் இருக்கும்வரை தானும் கூடவே இருப்பேன் என்று நிபந்தனை. அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கக் கூடாது என்றும் நிபந்தனை. சுட்டால் உருகிவிடும் டீச்சர் என்றேன். பார்த்து மெதுவாகச் சுடச் சொன்னார்.

சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, பிளக்கைச் சொருகினோம். வீட்டில் மின்சாரம் போயிற்று. என் அப்பா தெய்வசிகாமணி முப்பது வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் எவன் தோட்டத்து மோட்டார் புகைந்தாலும் அவரிடம்தான் வரும். அவர் வீட்டு வயரிங் ஒரு ஓவனைத் தாங்கவில்லை. "ஊரான் வீட்டு லைன்னா பாத்திருப்பனுங்க" என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறினார்.

ஜூன் 7, சனி

அப்பா நேற்று காப்பர் வயர் வாங்கக் கோயமுத்தூர் போனவர், சீஸும் வாங்கி வந்திருந்தார். வட்டமான மரப்பெட்டி. உள்ளே வெள்ளையாய், வெல்வெட் மாதிரித் தோல் போர்த்திய சீஸ். அந்தத் தோலோடுதான் சுட வேண்டும், அதுதான் உருகியதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று போனில் பார்த்து வைத்திருந்தேன். அதை அம்மாவிடம் சொல்லிவைக்கவில்லை.

வேலை முடிந்து வந்து பார்த்தால் பெட்டி காலி. "பூசணம் புடிச்சத ஒங்கப்பன் தலையில கட்டிட்டானுங்க" என்றாள் அம்மா. தேங்காய் நாரால் தோலைத் தேய்த்து எடுத்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, மொட்டை மாடியில் வேட்டி விரித்து வடகம் மாதிரிக் காய வைத்திருக்கிறாள்.

ஓடினேன். வேட்டி நடுவில் மஞ்சள் குளம். சுற்றிலும் எறும்பு. இரண்டு காக்கைகள் அலகு ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தன.

ஓவன் வேண்டியதே இருக்கவில்லை. கோபி வெயில் இலவசமாகச் சுட்டுக் கொடுத்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

இனிமேல் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாதாரணச் சீஸ்தான் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். துருவி, சட்டியில் போட்டுச் சுட்டேன். மேலே கருகல், கீழே எண்ணெய், நடுவில் பெருங்காயம். பெருங்காயம் நான் போடவில்லை. வாயு பிடிக்கும் என்று அம்மா போட்டது.

அப்பா ஒரு வாய் தின்றுவிட்டு நல்லாருக்குது என்றார். அந்த முகத்தைத் தண்ணீரில் விழுந்த மோட்டாரைப் பார்க்கும்போது பார்த்திருக்கிறேன்.

அவர் கொஞ்சம் இளகியிருந்தார் என்று நேராகவே கேட்டேன், எல்லோரையும் கேட்டீர்களே, என்னை ஏன் கேட்கவில்லை என்று. அவர் வெகுநேரம் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டா நீ வேண்டாம்னுருவே கண்ணு. அதனாலதான் கேக்குல."

இப்படி ஒரு நியாயத்தை எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. பதில் பிடிக்காமல் போய்விடுமோ என்று கேள்வியையே எடுத்துவிடுகிறார்கள். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் நானும் அப்படிச் செய்யலாம். சர்க்கரை இருக்கும் என்று தோன்றினால் ரத்தமே எடுக்காமல் அனுப்பிவிடலாம். ஊரே ஆரோக்கியமாகிவிடும்.

ஜூன் 9, திங்கள்

போட்டோவில் அவன் சட்டைக் காலர் ஒரு பக்கம் மட்டும் மடிந்து கிடக்கிறது. எடுத்தவன் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 11, புதன்

தரகர் வந்தார். சாப்பாட்டுக்கு இலை போட்டுவிடாதீர்கள் என்று எச்சரித்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா வெங்கிடுசாமி அந்தக் காலத்து ஆள். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார். கையை நனைத்துச் சாப்பிட்டு எழுந்தால் உறவு ஆகிவிட்டது என்று அர்த்தம், அப்புறம் பேச்சை மாற்றக் கூடாது. ஐந்தாறு வீடுகளில் பசியோடு எழுந்து போயிருக்கிறாராம். ஒரு வீட்டில் மயக்கமே வந்ததாம், அப்போதும் குளுக்கோஸ் தண்ணீரை மறுத்துவிட்டாராம்.

அப்படியானால் சீஸ்? தரகர் யோசித்தார். அது பலகாரக் கணக்கு, காப்பி மாதிரி, பரவாயில்லை என்றார்.

எனக்கு அந்தப் பெரியவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. அவர் சோற்றுக்கு இருக்கிற மரியாதைகூட இந்த வீட்டில் என் சம்மதத்துக்கு இல்லை.

ஜூன் 12, வியாழன்

வந்துவிட்டது.

மண்சட்டிக்கு உள்ளே வெண்ணெய் தடவினேன். பூண்டை வதக்கி அடியில் போட்டேன். துருவின சீஸ் இரண்டு வகை, ஒன்று ருசிக்கு, ஒன்று இழுவைக்கு. கொஞ்சம் பால். நுணுக்கின மிளகு. மேலே கறிவேப்பிலையைப் பிய்த்துப் போட்டேன். சூடு குறைத்து வைத்துவிட்டு அம்மாவைச் சமையலறைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

ஓரமெல்லாம் பொன்னிறமாக வந்து, நடுவில் ஒரு குமிழி எழுந்து, பெருமூச்சு விட்ட மாதிரி அடங்கி, அடுத்தது எழுந்தது. கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு வேலை இல்லாததால். பொடிசாக நறுக்கி நெய்யில் வறுத்த ரொட்டியைத் தோய்த்தேன். கறிவேப்பிலை மொறுமொறுவென்று உடைந்தது.

புஷ்பலதா டீச்சர் சட்டியைச் சுரண்டினார். ஓவனின் பிளாஸ்டிக் தாள் ஒரு பக்கம் சுருங்கிப்போனதை அவர் கவனிக்கவே இல்லை.

இது நன்றாக வந்ததில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை. அவர்களுக்குத்தான் லாபம். இன்னொரு சட்டியும் வைத்தேன். சும்மா, சரிபார்ப்பதற்கு.

ஜூன் 14, சனி

இன்றும் ஒரு சட்டி. மிளகைக் குறைத்துப் பார்த்தேன். நேரம் பார்க்கப் போனை எடுத்தால் அவன் போட்டோ தற்செயலாகத் திறந்துகொண்டது. இந்த வாரத்தில் இது எத்தனையாவது தற்செயல் என்று எண்ணவில்லை.

அம்மா மாம்பழக் கலர் புடவையை எடுத்து வைத்திருக்கிறாள். சீஸ் கலர் என்று நான் சொன்னதும் அதையே கட்டச் சொல்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

எல்லாம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். பேனா அழுத்தித் தாள் கிழிகிறது. கோபத்தில்தான்.

நாலு மணிக்கு வருகிறோம் என்றார்கள். நாலுக்குச் சட்டி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் வண்டி தெருமுனையில் திரும்பியபோது ராகுகாலம் பிறந்துவிட்டது. ராகுகாலத்தில் பெண் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று பெரியப்பா வண்டியைத் தெருவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. ஆறு மணிவரைக்கும் அவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே, நாங்கள் ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே. அம்மா ஜன்னலிலிருந்து கும்பிட்டாள். வண்டியிலிருந்து ஒரு கை கும்பிட்டது. தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பசங்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

பின் சீட்டில் ஒரு தலை தெரிந்தது. காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது.

சீஸுக்கு ராகுகாலம் தெரியாது. ஆறிப்போய் இறுகியது. மறுபடி சூடு காட்டினேன். மறுபடி இறுகியது. மூன்றாவது தடவை சூடு காட்டியபோது அது சீஸாக இருப்பதை விட்டுவிட்டது. கரண்டியை வைத்து இழுத்தால் கரண்டியோடு சட்டியும் வந்தது.

ஆறடித்ததும் வலது காலை வைத்து வந்தார்கள். பெரியப்பா, அவன் அம்மா ருக்குமணி, தரகர், அவன். வணக்கம் சொன்னேன். ருக்குமணி என் கை நரம்பைப் பார்த்து, வீட்டு வேலையெல்லாம் பழக்கமா என்றார். நான் சிரித்துக்கொள்ளவில்லை. ரத்தம் எடுக்கிற வேலை, இன்றைக்குக்கூட வேண்டுமானால் உங்களுக்குச் சர்க்கரை பார்த்துச் சொல்வேன் என்றேன். தரகர் இருமினார். பெரியப்பா மட்டும் காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பதா, சாப்பிட்டபின் பார்ப்பதா எது சரி என்று அக்கறையாகக் கேட்டார். சொன்னேன்.

சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். பார்க்க இன்னும் அழகாகத்தான் இருந்தது. அம்மா, எல்லாம் பவதாரணியே செய்தது என்றாள். முதல் தடவையாக அவள் சொன்னது உண்மையாக இருந்தது, அதை யாரும் நம்பிய மாதிரித் தெரியவில்லை. யாரும் கை வைப்பதற்குள், பிள்ளைகள் மாடியில் போய்ப் பேசட்டும் என்று தரகர் எங்களை எழுப்பிவிட்டார்.

மொட்டை மாடியில் கொடியில் அப்பாவின் மஞ்சள் படிந்த வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அவன் அதன் பக்கத்தில் நின்றான். போட்டோவைவிட உயரம். நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், நான் எந்த வகுப்புக்கும் போகவில்லை, அது பொய் என்று.

அவன் ஒரு கைப்பிடிச் சுவரிலிருந்து இன்னொரு கைப்பிடிச் சுவர்வரை நடந்துவிட்டு வந்தான்.

"நானும் ஒண்ணு சொல்லிடறனுங்க. எனக்குச் சீஸ் ஆகாது."

அங்கே ஆபீஸ் கேண்டீனில் தினமும் அதுதான் போடுகிறார்களாம். வாசனையே வயிற்றைப் புரட்டுமாம். போன புதிதில் அம்மாவுக்குப் போன் செய்து, இங்கே தினமும் சீஸ்தான் அம்மா என்று அழுதிருக்கிறான். அவன் அம்மாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். மகன் தினமும் சீஸ் தின்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. போன தடவை வந்தபோது பிறந்தநாளுக்கு ஒரு டப்பா சீஸ் வாங்கி வைத்திருந்தாராம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றானாம்.

நான் சிரிக்கவில்லை. மூக்கு வழியாகக் காற்று வந்தது, அவ்வளவுதான்.

ஒரு வாரமாக உங்களுக்காகச் சுட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். உங்களுக்காக என்று சொன்னதைத் திருத்த நினைத்தேன். நேரம் கிடைக்கவில்லை. அவன் வேட்டியின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். இந்தக் கல்யாணத்தைப் பற்றித் தன்னையும் யாரும் கேட்கவில்லை, டிக்கெட் போட்டு வரச் சொன்னார்கள், வந்தேன் என்றான். அது வேறு, உங்களை யாரும் பலகாரத் தட்டைத் தூக்கச் சொல்லவில்லை என்றேன். ஆமாம் என்று தலையாட்டினான். இதுவரை நான் சொன்ன எதற்கும் யாரும் அப்படி உடனே ஆமாம் சொன்னதில்லை.

பிறகு நிமிர்ந்தான். "நான் உங்கள ஒண்ணு கேக்கலாமுங்களா?"

கேளுங்க என்றேன். அவன் வாயைத் திறந்தான்.

கீழே கைதட்டல் கேட்டது.

கீழே நடந்ததைப் பிறகு புஷ்பலதா டீச்சர் சொல்லித்தான் தெரியும். முதலில் பெரியப்பா ஒரு ரொட்டித் துண்டைச் சட்டியில் தோய்த்துத் தூக்கியிருக்கிறார். சீஸ் நூலாய்க் கிளம்பி, கை மேலே போகப்போக அதுவும் கூடவே போய், மீசையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டதாம். அவர் எழுந்து நின்றும் அறவில்லை. அப்பா உதவிக்குப் போய்த் தன் விரலையும் சிக்கவைத்துக்கொண்டார். ஒரு முனையில் பெண் வீடு, மறுமுனையில் மாப்பிள்ளை வீடு, நடுவில் சட்டி. கடைசியில் அப்பா சட்டைப் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, காப்பர் வயரைக் கத்தரிப்பதுபோல் கத்தரித்திருக்கிறார்.

ஆனால் ருசி பிடித்துவிட்டது. பெரியப்பா இரண்டாவது துண்டு எடுத்தார். மூன்றாவதுக்குக் கேட்டு வாங்கினார். ருக்குமணியும் எடுத்தார். முழங்கைவரை பிசுக்கு. அப்பா மரியாதையாக வாசலுக்கு அழைத்துப்போய்ச் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, பெரியப்பா கையை நீட்டிக் கழுவினார். கழுவி முடித்து உதறும்போதுதான் தன் கையைப் பார்த்தாராம். நனைந்திருந்தது.

திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். இது பலகாரம்தானே என்று தரகர்கூடச் சொல்லவில்லை. அவருக்கு எதற்கு வம்பு.

"ஒரே சட்டியில கை வெச்சுத் தின்னு, கையும் நனைச்சாச்சு. நான் பேச்சு மாத்தற ஆளில்ல. முடிஞ்சுது, தட்டு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டாராம். அதற்குத்தான் கைதட்டல்.

நாங்கள் இறங்கி வந்தபோது ருக்குமணி என் தலையில் பூ வைத்தார். அம்மா அழுதாள். அப்பா பிளேயரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஜென்மத்து முடிவு என் தலைக்கு மேலே, நான் மாடியில் நிற்கும்போது, ஒரு சொம்புத் தண்ணீரில் நடந்து முடிந்திருக்கிறது. எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை.

"என்னைய யாரும் கேக்குல" என்றேன்.

என்னத்தைக் கேட்பது என்று அம்மா கேட்டாள். பெரியப்பா, கையே நனைந்துவிட்டதே அம்மிணி என்று தன் கையைக் காட்டினார். அதில் இன்னும் ஈரம் இருந்தது. நனைந்தது உங்கள் கை, கல்யாணம் எனக்கு என்றேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது போலிருந்தது. சொம்பை எட்டிப் பார்த்தார். தண்ணீர் தீர்ந்திருந்தது.

"நான் கேக்கறனுங்க" என்றான் கிரிதரன்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். காதெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு எதிரே வந்து நின்றான். நான் புடவைத் தலைப்பைச் சரி செய்தேன், வெக்கையாக இருந்தது. "உங்களுக்கு" என்று ஆரம்பித்தான்.

"ஐயோ, பையன் இன்னும் கை வெக்கவே இல்ல" என்றார் தரகர். ருக்குமணி அடித்துப்பிடித்து எழுந்தார். சட்டியின் அடியில் இருந்ததையெல்லாம் வழித்து, ஒரு உருண்டையாக உருட்டி, "வாயத் தொற சாமி, உனக்குப் புடிச்சது" என்று அவன் பேசத் திறந்த வாயில் திணித்துவிட்டார்.

அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. பாவம், ஆனந்தக் கண்ணீர் என்றார் டீச்சர். அவன் மென்றான். விழுங்கப் பார்த்தான், இறங்கவில்லை. மறுபடி மென்றான். அம்மா கையில் கிடைத்த சர்க்கரையை எல்லார் வாயிலும் போட்டுக்கொண்டு போனாள். தரகர் ஆவணியில் எந்தெந்த முகூர்த்தம் என்று ஆரம்பித்துவிட்டார். அப்பா மண்டபத்துக்காரருக்குப் போன் போட்டார். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது அவன் ஒருத்தன்தான். தாடை மட்டும் மேலும் கீழும் போய்வந்தது.

நான் நகரவில்லை.

"கேளுங்க" என்றேன்.

மென்றுகொண்டிருந்தான்.

"கேளுங்கன்னு சொல்றனல்ல."